இருக்கைக்கு அடியில் அரை பாட்டில்

கரும்பு விளைகிற தீவின் தெற்குப் பக்கத்து ஊரான ரிவியேர் தே ஸாங்கீய் சந்தையில் நாகலிங்கத்திடம் வாய்கொடுத்து மீண்டவர்கள் ரொம்பக் குறைவு. கோபம் வந்துவிட்டால் எதிரே நிற்பது தோட்டத்து மேனேஜரா, தெருவில் போகிற மாடா என்று பார்க்கிற ஆள் இல்லை. சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு லாரி பழுது பார்க்கிறவன். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பான். அப்படிப்பட்ட மனுஷன் 1947ஆம் வருஷம் தை மாசத்தில் ஏழு நாளாக யாரிடமும் குரலை உயர்த்தவில்லை என்றால் ஊர் அதிசயப்படாமல் என்ன செய்யும்? வேறொன்றுமில்லை, காவடி விரதம். தைப்பூசத்துக்கு முந்தின பத்து நாளும் மீன் இல்லை, கறி இல்லை, பீடி இல்லை, ரம் இல்லை, கோபமும் கூடாது. முதல் நாலையும் விட்டுவிடலாம், கடைசி ஒன்றுதான் உயிரை வாங்குகிறது என்று மனைவி பார்வதியிடம் புலம்பிக்கொண்டிருந்தான்.

அந்தத் தையில் அவன் கொட்டகையில் நின்றது ஜெராரின் லாரி.

மூன்று டன் மோரிஸ். ஒரு காலத்தில் ஜெரார் என்கிற கிரியோல் இனத்து டிரைவர் அதில் சர்க்கரை மூட்டை, கரும்பு, கல்யாண வீட்டு நாற்காலி எல்லாம் ஏற்றினான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுத்தடுத்துப் புயல் அடித்ததே, அப்போது ஆறு பெருகி, ஜெராரின் கொட்டகையையும் லாரியையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் புதைத்துவிட்டது. அதற்கு அடுத்த மாசம் மலேரியா வந்து ஜெராரையும் கொண்டுபோனது. மிஞ்சியது அவன் மனைவி யொலாந்த். ஊரில் எல்லோருக்கும் அவள் மாதாம் ஜெரார். லாரியை ரோஷ் புவாவில் எடைக்குப் போட்டுவிடுங்கள், அங்கே உங்கள் தங்கை வீடும் இருக்கிறது, துணி துவைத்தாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். புத்தி சொல்லக் காசா பணமா!

நாகலிங்கம் புத்தி சொல்லவில்லை. நாலு ஜோடி மாட்டைப் பூட்டி லாரியை ஆற்றிலிருந்து மேலே இழுத்தான். எஞ்சினைத் திறந்தால் உள்ளே அரைக் கூடை வண்டல். பிஸ்டன்கள் இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெயை ஊற்றி, ஒரு மாசம் பொறுமையாக ஊறவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினான். பட்டாளம் கழித்துப் போட்ட வண்டிகளிலிருந்து நட்டு, போல்ட்டு, ரேடியேட்டர் என்று பொறுக்கிவந்து பொருத்தினான். பெயின்ட்டைச் சுரண்டியபோது கறுப்புக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் முதன்முதலில் அடித்த நீலம் தெரிந்தது. அந்த நீலத்தையே திரும்ப அடித்தான். பின்பக்கத்துப் பலகைகளை எல்லாம் மாற்றினான், ஒன்றைத் தவிர. நடுவில் இருந்த, கறை படிந்த அந்தப் பலகையை மட்டும் கழுவி, எண்ணெய் தேய்த்து, இருந்த இடத்திலேயே அடித்தான். இரண்டு வருஷ உழைப்புக்கு ஒரு சல்லி வாங்கவில்லை.

சேற்றை வாரிய முதல் நாளில் ஒரு விஷயம் நடந்தது. டிரைவர் இருக்கைக்கு அடியில் கையை விட்டபோது ஒரு பாட்டில் அகப்பட்டது. கார்க்கு அடைத்து, மேலே மெழுகு பூசியது. உடையவில்லை. பாதிக்கு ரம். வண்டி ஓட்டுகிறபோதே குடித்திருக்கிறானே மனுஷன் என்று நாகலிங்கத்துக்கு நெஞ்சு கசந்தது. பாட்டிலை யொலாந்திடம் கொண்டுபோய் நீட்டினான்; முகத்தைச் சுளித்ததை அவனால் மறைக்க முடியவில்லை. அவள் அதை வாங்கி, பாவாடை நுனியால் துடைத்து, அலமாரியில் மாதா சிலைக்குப் பக்கத்தில் வைத்தாள். இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தான். அதற்கப்புறம் இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஜெரார் குடிகாரன் என்றே வைத்துக்கொண்டாலும் நாகலிங்கம் பட்ட கடன் சின்னக் கடன் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால், 1937இல், தீவு முழுக்கக் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த காலம். தெற்கே ஒரு தோட்டத்து வாசலில் துப்பாக்கி வெடித்தது. அப்போது நாகலிங்கம் கரும்பு வெட்டுகிறவன். குண்டு இடது தொடையில் பாய்ந்தது. எல்லோரும் ஓடிவிட்டார்கள், ஓடாமல் என்ன செய்வார்கள், பாவம். அந்தத் தோட்டத்துச் சர்க்கரையை ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்த ஜெரார் வண்டியை நிறுத்தினான். பன்னிரண்டு மூட்டையைப் பாதையோரத்தில் உருட்டித் தள்ளினான். அந்த இடத்தில் நாகலிங்கத்தைக் கிடத்தி, சுயாக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தோட்டம் அவனுக்கு அப்புறம் ஒரு நடை சரக்குகூடக் கொடுக்கவில்லை.

தொடையில் யாரோ தீ வைத்தது போல ஒரு எரிச்சல், அப்புறம் மயக்கம், நடுநடுவே விழிப்பு. நாகலிங்கத்துக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். ஆனால் ஒன்று நன்றாக நினைவிருந்தது. வளைவுக்கு வளைவு ஜெரார் பிரேக்கை அழுத்தினபோது ஒரு குலுக்கல்கூட இல்லை. தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது, ஆட்டிவிடாதே என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி வண்டி நின்றது, எடுத்தது, நின்றது. புண் சுத்தமாக இருக்கிறது, காலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது நாகலிங்கம் முருகனைக் கும்பிட்டான். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் இந்தக் காலாலேயே நடந்து காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். ஒரு வருஷமும் தவறவில்லை.

முருகனுக்கு நன்றி சொல்லத் தெரிந்தவனுக்கு ஜெராருக்குச் சொல்லத் தெரியவில்லை. கூச்சம். சந்தையில் எத்தனை தடவை பார்த்திருப்பான்! டயர் விலை பேசினார்கள், மழை பேசினார்கள். மெர்சி, அதாவது நன்றி, என்கிற அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையோடு நின்றுவிட்டது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்து, கடைசியில் ஜெராரின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்ததுதான் மிச்சம்.

ஆக, லாரி. சரக்கு ஏற்ற உரிமம் யொலாந்த் பேருக்கு மாற வேண்டுமானால், தலைநகர் போர் லூயியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, இயங்கும் வண்டி என்று எழுதித் தரவேண்டும். அதுவும் அந்த மாசக் கடைசிக்குள். எழுதித் தந்தால் அறுவடைக்கு ஒரு டிரைவரை வைத்து அவள் பிழைத்துக்கொள்வாள். இரும்பு விலைக்குத்தான் தேறும் என்று எழுதிவிட்டால் உரிமம் வேறொருவனுக்குப் போகும். அவள் ரோஷ் புவாவுக்குத் துணி துவைக்கப் போக வேண்டியதுதான்.

எல்லாம் தயார், பிரேக்கைத் தவிர. பிரேக்குக்கு ஊற்றுகிற எண்ணெய் யுத்தத்திலிருந்து தீவில் கிடைக்கவில்லை. சாதா எஞ்சின் எண்ணெய் ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் ஊறி வீங்கிப்போகும். அதனால் மெக்கானிக்குகள் எல்லோரும் ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார்கள். விளக்கெண்ணெய் பாதி, தண்ணீர் கலக்காத கடும் ரம் பாதி. எண்ணெய் ரப்பரைக் காக்கும், ரம் எண்ணெயை இளக்கிக் குழாயில் ஓடவைக்கும். நாகலிங்கமே ஐம்பது வண்டிக்கு அப்படிக் கலந்து ஊற்றியவன்.

ஆனால் பிரேக்குக்கு வேண்டிய ரப்பர் வந்து சேர்ந்தது விரதத்தின் மூன்றாவது நாள். ரம்மைக் கையால் தொடுவதா? தொட்டால் பத்து வருஷ வேண்டுதல் என்ன ஆவது? பார்வதி ரொம்பச் சுலபமாக ஒரு வழி சொன்னாள். மாதாம் ஜெராரைக் கூப்பிட்டுக் கலக்கச் சொல்லுங்களேன், அவளுக்கென்ன விரதமா என்றாள். நாகலிங்கம் மாட்டேன் என்றுவிட்டான். செத்த மனுஷனின் குடிப் பேச்சை அவன் பெண்டாட்டி முன்னால் எப்படி எடுப்பது? பாட்டிலை நீட்டியபோது தான் முகம் சுளித்ததை அவள் பார்த்தாளே, இப்போது எந்த முகத்தோடு போய் ரம் ஊற்றுங்கள் என்று கேட்பது? தை மாசத்து வெயிலில் விளக்கெண்ணெய் தானே இளகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வெறும் விளக்கெண்ணெயையே ஊற்றி மூடினான். இரண்டு நாள் நல்ல வெயில். பிரேக் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் நின்றது. முருகன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டான்.

எட்டாவது நாள் காலையில் மதிப்பீட்டாளர் வந்தார். முந்தின ராத்திரி பெய்த மழையில் ஊரே சில்லென்று கிடந்தது.

பெயர் ராமசந்திரன். நம் ஆள்தான், கூப்பிடுவது மட்டும் மிஸ்யே, அதாவது ஐயா. கழுத்தில் டை, கையில் தோல்பை, பேச்சு கிரியோலும் பிரெஞ்சும். நாகலிங்கத்துக்கும் கிரியோல்தான், அவனுடைய தமிழ் கோயில் வாசலோடு சரி. அங்கே நடந்த பேச்செல்லாம் கிரியோலில் நடந்தது, இங்கே நமக்காகத் தமிழில். ராமசந்திரன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். மட்காட்டை விரலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். எஞ்சின் நம்பரையும் அடிச்சட்டத்து நம்பரையும் ஒத்துப் பார்த்தார். பேனாக்கத்தி நுனியால் பலகைகளைக் குத்தினார். நடுவில் இருந்த பழைய பலகையிடம் வந்ததும் நின்றார். மற்றதெல்லாம் புதுசாக இருக்கும்போது இது மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார். நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன் என்றான் நாகலிங்கம். அவர் தாளில் ஒரு குறைக்கோடு போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நாகலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தான். எஞ்சின் முதல் தடவையிலேயே உயிர் பெற்றது. பாலத்துக்கு இறங்குகிற சரிவில் அவர் பிரேக்கை அழுத்தினார். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. வண்டி பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது. இன்னொரு தடவை ஓங்கி மிதித்தார். நாலு சக்கரமும் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ள, வண்டி தூக்கிப்போட்டு நின்றது. ராமசந்திரனின் தொப்பி பறந்து கண்ணாடியில் அடித்தது. காலை எடுத்தார். குளிரில் இறுகிய எண்ணெய் குழாயில் திரும்பி ஓடாமல், பிரேக் விடவில்லை. பாலத்துக்குப் பத்தடி இந்தப் பக்கம் லாரி நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டது.

“பிரேக்குல என்ன ஊத்தியிருக்கீங்க?” என்றார்.

“விளக்கெண்ணெய், மிஸ்யே.”

“அதோட?”

ராமசந்திரன் திரும்பி அவன் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார். அவர் வீட்டிலும் அம்மா விரதம் இருக்கிறாள் போலும், புரிந்துவிட்டது. எத்தனாவது நாள் என்று கேட்டார். எட்டாவது என்றான். அவர் பெருமூச்சு விட்டார். வண்டியைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது, ஆனால் நிற்காத வண்டியை இயங்கும் வண்டி என்று எப்படி எழுதுவேன், நாளைக்கு இதே பாலத்தில் யாராவது செத்தால் என் கையெழுத்தல்லவா கொன்றது என்றார். நியாயமான பேச்சு. இரண்டு வருஷமாக ஜெராருக்கு நன்றி சொல்லத்தான் இந்த வண்டியைக் கட்டினோம், அதையும் நம் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று நாகலிங்கத்தின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு யொலாந்த் சரிவில் ஓடிவந்தாள். மூச்சு வாங்க என்ன ஆச்சு என்று கேட்டாள். நாகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ரம் தொடக்கூடாது என்பதை, வெறும் எண்ணெய் ஊற்றியதை, பார்வதி சொல்லியும் அவளைக் கேட்காததை.

“என்னை ஏன் கேக்கலை?”

“அந்த பாட்டில், மாதாம். அவர் குடியை உங்ககிட்டப் போய் நான் எப்படி...”

யொலாந்த் வந்த வழியே மேலே நடந்தாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்த அரை பாட்டில் இருந்தது.

“லிங்கம், அன்னைக்கு உன் தொடை எரிஞ்சதே, நினைவிருக்கா? என்னன்னு நினைச்சே?”

“குண்டு.”

“குண்டு இல்லை. இது.” பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். “ஆஸ்பத்திரி தூரம், புண்ணுல சேறு. தோட்டத்து வடிசாலையில அவருக்குக் கிடைச்ச கடும் ரம். பாதியை உன் கால்ல ஊத்திட்டு, சட்டையைக் கழட்டிக் கட்டினார். மீதிப் பாதி இது. என் புருஷன் நல்லாக் குடிப்பார், நான் மறைக்கலை. ஆனா இதை ஒரு சொட்டு குடிச்சதில்லை. வழியில இன்னொருத்தன் அடிபட்டுக் கிடந்தா வேணுமேன்னு மெழுகு பூசி சீட்டுக்கு அடியில வெச்சார். சாகிற வரைக்கும் அங்கேயே இருந்தது.”

பத்து வருஷமாக நாகலிங்கம் இந்தக் காலுக்காகத்தான் ரம்மைத் தொடாமல் காவடி எடுக்கிறான். அந்தக் காலைக் காப்பாற்றியதே ஜெராரின் ரம். அந்த மனுஷனைக் குடிகாரன் என்று நினைத்து இரண்டு வருஷம் முகம் சுளித்தோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை நீட்டினான்.

“கொடுங்க மாதாம். நானே கலக்குறேன். விரதம் போனாப் போகுது.”

அவள் பாட்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “ஒண்ணும் போக வேண்டாம். உன் விரதத்தை நீ காப்பாத்து. பிரேக்கை நான் பாத்துக்கிறேன். என்ன செய்யணும்னு சொல்லு.”

இருவரும் ராமசந்திரன் பக்கம் திரும்பினார்கள். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்தார். டீ குடிக்காமல் நான் எந்த வண்டியையும் பரிசோதிக்கிறதில்லை என்றார், மிகவும் கண்டிப்பான குரலில். இதுவரை நடந்தது வண்டியைக் கொட்டகையிலிருந்து ரோட்டுக்கு நகர்த்தியது, அவ்வளவுதான். பரிசோதனை இனிமேல்தான். எனக்குப் பஸ் பதினொரு மணிக்கு. அவர் அப்படிச் சொன்னதும் நாகலிங்கத்துக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

பார்வதி டீயும் விளக்கெண்ணெயும் கொண்டுவந்தாள். நாகலிங்கம் வண்டி உருளாதபடி சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்தான். யொலாந்த் எனாமல் ஜாடியில் எண்ணெயையும் ரம்மையும் ஊற்றிக் கரண்டியால் கலக்கினாள். பிறகு பாவாடையைச் செருகிக்கொண்டு, சாக்கை விரித்து, ஐம்பது வயசுப் பொம்பிளை லாரிக்கு அடியில் படுத்தாள். பழைய எண்ணெயை வடித்து, புதுசை ஊற்றி, குழாயில் இருக்கிற காற்றை ஒவ்வொரு சக்கரமாக வெளியேற்ற வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். நாகலிங்கம் இருக்கையில் உட்கார்ந்து மிதித்தான். “திறங்க... மூடுங்க... இன்னொரு தடவை” என்று சொல்லிக்கொண்டே வந்தான். கூட்டம் கூடிவிட்டது. மாதாம் ஜெரார் புது வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எவனோ கிண்டலடித்தான். மற்ற நாளாக இருந்தால் அவனுக்கு நாகலிங்கம் நல்லதாக நாலு வார்த்தை கொடுத்திருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டான். நாலாவது சக்கரம் முடிந்து யொலாந்த் வெளியே வந்தபோது தலைமுடி முதல் முழங்கை வரை எண்ணெயும் ரம்மும் வழிந்தன. பாட்டிலில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

இந்தத் தடவை ராமசந்திரன் யொலாந்தைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வண்டி அவளுடையது அல்லவா. முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம், அதனால் நாகலிங்கம் பின்னால் ஏறினான். வண்டியைச் சரிவின் உச்சிக்குக் கொண்டுபோய்த் திருப்பினார்கள். இறங்கத் தொடங்கியதும் அவன் பிடிமானத்துக்குக் கீழே உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தான், அந்தப் பழைய பலகை.

சரிவு, வளைவு, பாலம். பிரேக் பிடித்தது. ஒரு குலுக்கல் இல்லை. மெதுவாக, பதமாக, வண்டி நின்றது. எடுத்தது. மறுபடி நின்றது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் மல்லாந்து கிடந்து பார்த்த அதே வானம். நாகலிங்கம் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதான்.

“மெர்சி, ஜெரார்” என்றான் வாய்விட்டு. அந்த வார்த்தை அன்றைக்குத்தான் தொண்டையைத் தாண்டியது.

ராமசந்திரன் இறங்கிப் பின்னால் வந்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனாகவே பலகையின் கதையைச் சொன்னான். கறை தன் ரத்தம் என்றான். அவர் தாளை எடுத்து, காலையில் போட்ட குறைக்கோட்டை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘அசல் பாகம், நல்ல நிலை’ என்று எழுதினார். அதற்குக் கீழே இயங்கும் வண்டி என்றும், உரிமம் தரலாம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதினொரு மணி பஸ்ஸுக்கு ஓடினார்.

நாகலிங்கம் யொலாந்திடம் வந்தான். அவளுக்கும் ஒரு மெர்சி சொன்னான். இரண்டு வருஷம் தப்பாக நினைத்ததற்கு மன்னிப்பும் கேட்டான். பத்து வருஷம் தாமதம்தான், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள்.

மூன்று நாள் கழித்துத் தைப்பூசம். ஆற்றங்கரையிலிருந்து காவடிகள் புறப்பட்டன. தார் ரோடு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. நடக்கிறவர்கள் காலுக்கு வழியெல்லாம் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். பாலத்துக்குப் பக்கத்தில் நீல லாரி நின்றது, பின்னால் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர். யொலாந்த் தேவாலயத்துக்குப் போட்டுப்போகிற வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வரிசையில் வருகிறவர்களின் காலுக்கெல்லாம் செம்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நாகலிங்கம் காவடியோடு காலை இழுத்து இழுத்து வந்தான். அவனைக் கண்டதும் அவள் செம்பைக் கீழே வைத்தாள். லாரி இருக்கைக்கு அடியில் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். அதே பாட்டில், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் கண்ணாடி பளபளத்தது. உள்ளே ஆற்றுத் தண்ணீர். கூட்டத்தில் யாரோ அது ரம் பாட்டில் ஆயிற்றே என்று முணுமுணுத்தார்கள். நாகலிங்கம் நின்றான். இடது காலை முன்னால் எடுத்து வைத்தான். அவள் குனிந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அந்தக் காலில் ஊற்றினாள்.